தோணிரேவிலிருந்து ஒரு தகவல்

கல்லூரியில் ஒன்றாகப் பயின்றவர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுகூட விரும்பினால், முதலில் ஒரு பட்டியல் வேண்டும். யார் எங்கே இருக்கிறார், என்ன தொழில் செய்கிறார், மணமாயிற்றா, மக்கள் எத்தனை பேர், பேரன் பேத்தி எடுத்துவிட்டாரா என்பதையெல்லாம் யாரேனும் ஒருவர் உட்கார்ந்து தொகுத்தாக வேண்டும். பொன்னேரி அரசுக் கலைக் கல்லூரியில் 1987 முதல் 1990 வரை என்னுடன் இளங்கலை பயின்ற நண்பர்கள் அந்தப் பணியை என் தலையில் கட்டினார்கள். "எங்களில் குடும்பக் கவலை இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான்" என்பது அவர்கள் கூறிய காரணம். பங்குக் குருவுக்கு ஒரு குடும்பத்தின் கவலை இல்லாமல் இருக்கலாம், அறுநூறு குடும்பங்களின் கவலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பேசாமல் ஒப்புக்கொண்டேன்.

உண்மையில் இது எனக்குப் பழகிய வேலையே. திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மூன்று ஏடுகள் எந்தப் பங்கிலும் உண்டு. ஒரு மனிதனுடைய வாழ்வு இம்மூன்றிலும் மும்மூன்று வரிகளில் அடங்கிவிடும். அதே முறையில் 42 பெயர்களை வரிசையாக எழுதி, தொழில், திருமணம், மக்கள், பேரக் குழந்தைகள் என்று கட்டங்கள் இழுத்தேன்.

தகவல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒருவர், அத்திப்பட்டில் 1994இல் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தில் சாதாரணப் பணியாளராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்திருக்கிறார். இருவர் தலைமையாசிரியர்கள். ஒருவர் ஸ்ரீஹரிக்கோட்டை ஏவுதளத்தில் பணியாற்றுகிறார். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 விண்ணில் பாய்ந்தபோது தம் பேத்தியைத் தோளில் தூக்கிக் காட்டியதாக எழுதியிருந்தார். குவைத்தில் இருபது ஆண்டுகள் உழைத்தவர் ஒருவர், தம் மூத்த மகனின் முகத்தை அவன் பிறந்து பதினான்கு மாதங்கள் கழித்தே கண்டாராம். வகுப்பில் இருந்த ஒன்பது பெண்களைத் தேடுவதுதான் கடினமாயிற்று; மணமாகி ஊரும் பெயரின் முன்னெழுத்தும் மாறியிருந்தன. ஒருவர் வங்கி அதிகாரி. ஒருவர் மணமே செய்துகொள்ளாமல் நோயாளித் தாயைப் பேணுகிறார். இன்னொருவர் திருமணம் என்னும் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்து அனுப்பியிருந்தார். நான் காரணம் கேட்கவில்லை. மூவர் இறைவனடி சேர்ந்துவிட்டனர். அவர்களுள் ஒருவர் 2021 மே மாதத்துக் கொரோனாக் கொடுமையில் போனவர்.

எங்கள் பெற்றோர் காலத்தில் வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள் இருந்தோம். எங்கள் வகுப்பிலோ மூன்று மக்களுக்கு மேல் பெற்றவர் ஒருவரும் இல்லை. எங்கள் மக்களோ ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள்தாம். அந்தப் புள்ளிவிவரத்தை என் கட்டங்களிலேயே கண்டேன்.

கடைசியில் ஒரே ஒரு வரி காலியாக நின்றது. தோணிரேவு என்னும் மீனவக் கிராமத்திலிருந்து வந்து படித்த ஒருவருடைய வரி அது. கணக்கில் எங்கள் எல்லாரையும் விஞ்சியவர். 1989இல், இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில், தந்தை இறந்ததால் படிப்பை நிறுத்தினார். நண்பர்களின் கைப்பேசிக் குழுவில் அவருடைய எண் இல்லை. எவரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். அவர் பெயருக்கு நேரே 'தகவல் இல்லை' என்று எழுதி அந்த வேலையை முடித்தேன்.

அந்த வாரமே, பழைய திருப்புகழ்மாலை நூல் ஒன்றைத் தூசி தட்டியபோது அதனுள்ளிருந்து ஓர் அட்டை விழுந்தது. ஓரங்கள் நைந்து மஞ்சளேறிய ஒரு திருமண அழைப்பிதழ். 2000ஆம் ஆண்டு மே மாதம், பழவேற்காடு மகிமை மாதா ஆலயத்தில் திருமணம். மணமகன் தோணிரேவைச் சேர்ந்தவர். அப்போது நான் குருப்பட்டம் பெற்றுச் சில காலமே ஆன உதவிப் பங்குக் குரு. அந்த வாரம் எங்கள் பங்கில் உறுதிபூசுதல் விழா இருந்தது. வாழ்த்து எழுதவேண்டும் என்று எண்ணி அட்டையைச் செபநூலில் செருகினேன். பிறகு பல ஆண்டுகள் அது பக்க அடையாளமாகவே பயன்பட்டது. நாள்தோறும் என் விரல்கள் தொட்ட அட்டையில் ஒரு முகவரி இருந்தது. நானோ 'தகவல் இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.

2025 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரத்தில், தோணிரேவுக்குப் புறப்பட்டேன்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து. வழியெங்கும் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. சிறிது தூரம் சென்றதும் வயல்கள் குறைந்து, உப்பங்காற்றும் பனைமரங்களும் எதிர்கொண்டன. பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் நீர்ப்பரப்பு விரிந்தது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் வந்து கலக்கின்றன. மழைக்காலத்தில் நன்னீர் மிகுந்து, கோடையில் நீர் வற்றி, சில இடங்களில் கடலினும் உவர்ப்பாகிவிடும் விந்தையான நீர்நிலை இது. தொலைவில், ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன.

தோணிரேவு என்னும் பெயரே எல்லைப்புறத்துப் பெயர். 'ரேவு' என்றால் தெலுங்கில் துறை. தோணித்துறை என்பதன் பொருளைத் தமிழும் தெலுங்கும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன.

நேரே ஊருக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. முதலில் மகிமை மாதா ஆலயத்துக்குச் சென்றேன். போர்த்துக்கீசியர் காலத்தில், 1515இல் தோன்றியதாகக் கூறப்படும் ஆலயம் இது. பழைய கட்டடம் மாறிப் புதிய கோவில் எழுந்துள்ளது. சிறிது நேரம் செபித்துவிட்டு, அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன்.

போர்த்துக்கீசியருக்குப் பின்னர் வந்த டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாகப் பழவேற்காடு பல பத்தாண்டுகள் விளங்கியது. இங்கிருந்து போன கட்டம் போட்ட துணிகள் கீழை நாடுகளில் பெரும் புகழ் பெற்றன. மலாய் மக்கள் கைலிக்கு இன்றும் இவ்வூர்ப் பெயரைத் திரித்து 'பெலிக்காட்' என்கிறார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் அழகாக நிற்கின்றன. வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டு உருவங்கள். உள்ளே கருங்கற் பலகைகளில் குடும்பச் சின்னங்கள், பெயர்கள், பதவிகள், மரித்த நாள்கள்.

என் பட்டியலின் கட்டங்கள் நினைவுக்கு வந்தன. தொழில் என்ன, குடும்பம் எது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்; நானூறு ஆண்டுகளாகியும் அழியவில்லை. ஆனால் அதே 17ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த நம் ஏழை மக்கள் அடிமைகளாக வாங்கப்பட்டு, இதே துறையிலிருந்து இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களும் ஒருவனுக்குக் கணவன், ஒருத்திக்கு மகள் என்று இருந்தவர்கள்தாமே! அவர்களுக்குக் கல் இல்லை. யார் பெயர் நிற்கிறது, யார் பெயருக்கு நேரே 'தகவல் இல்லை' என்று எழுதப்படுகிறது என்பது அவரவர் தகுதியைப் பொறுத்ததன்று. எழுதுகோல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இம்முறை எழுதுகோல் என் கையில் இருந்தது.

தோணிரேவில் வீடு கண்டுபிடிக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அழைப்பிதழிலிருந்த பெயரைச் சொன்னதும், "ஊர்க்கணக்கு எழுதுவாரே, அவரா?" என்று கேட்டுச் சிறுவன் ஒருவன் அழைத்துச் சென்றான். ஏரிக்கரையில் பூவரச மரத்தடியில் வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துப் பொத்துக்களை அடைத்துக்கொண்டிருந்தார் என் நண்பர். தலை முழுதும் நரைத்திருந்தது. என் அங்கியைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சாமி" என்று கைகூப்பினார். அடுத்த கணம் உற்றுப் பார்த்தார். "டேய், நீயா!" என்றார்.

உள்ளிருந்து வந்த அவர் மனைவி பதறிப்போனார். "சாமியாரைப் போயி டேய்னு சொல்றீங்களே" என்று கடிந்துகொண்டு எனக்கு நாற்காலி போட்டார். நான் அந்த நாற்காலியில் அமரவில்லை. நண்பருக்கு அருகில் வலை மேலேயே உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் அவருக்கே தெரிந்திருந்தது. பூந்தமல்லிக் குருமடத்தில் சேர்ந்தது, எந்த ஆண்டு குருப்பட்டம், எந்தெந்தப் பங்குகள் என்று அவரே சொன்னார். மற்றவர்களைப் பற்றியும் சொன்னார். அனல்மின் நிலையத்து நண்பருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்ததும், தலைமையாசிரியரின் மகள் மருத்துவம் படிப்பதும், நான் மூன்று மாதம் அலைந்து திரட்டியவற்றுள் பாதியும் அவரிடம் இருந்தன. வியப்புடன் காரணம் கேட்டேன். அவருடைய மனைவி பல ஆண்டுகளாகப் பொன்னேரிக்கு மீன்கூடை சுமந்தவர். எந்தத் தெருவில் யாருடைய தாய், எந்த வீட்டில் யாருடைய தங்கை என்பதெல்லாம் மீன் வாங்கும் வாசற்படிகளில் தெரிந்துவிடும். அவர் வந்து சொல்வார். இவர் மனத்தில் பதித்துக்கொள்வார். நாங்கள் இவரைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் இவர் எங்களை அறிந்தே இருந்திருக்கிறார்.

"ஏரி எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். மீனவரிடம் உடல்நலம் கேட்பதற்கு முன் ஏரியின் நலம் கேட்க வேண்டும் என்பது நான் நெய்தல் நிலத்துப் பங்குகளில் கற்ற பாடம்.

"முகத்துவாரம் திறந்திருந்தா நல்லாயிருக்கு. அடைச்சுக்கிட்டா ஏரியும் இல்லே, நாங்களும் இல்லே" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். இறால் கடலில் முட்டையிடுகிறது. பொடிக் குஞ்சுகள் ஏற்றநீரோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகின்றன. இங்கே அலை அடங்கிய நீரில், சேற்றிலும் செடிகளின் ஓரத்திலும் சில மாதம் வளர்கின்றன. பருத்தபின் மீண்டும் கடலை நாடுகின்றன. மடவையும் கொடுவாயும் இவ்வழியே வந்து போகின்றன. கடலும் ஏரியும் ஒன்றையொன்று நாள்தோறும் கண்டுகொள்ளும் வாசல் அது. மணல் திரண்டு அந்த வாசல் தூர்ந்துவிட்டால் உள்ளே வளர்ந்தது வெளியே போகாது. வெளியே பிறந்தது உள்ளே வராது. நீர் தேங்கும், கோடையில் உப்பேறும், மீன் குறையும். அதனால்தான் அடைபடும்போதெல்லாம் மணலை வாரித் திறக்க வேண்டியிருக்கிறது. தெற்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. நடுவில் கற்சுவர் எழுந்தால் ஒருபுறம் மணல் சேரும், மறுபுறம் கரை அரிக்கும். இத்துறைமுகங்களில் எங்கள் வகுப்பு நண்பர்களின் பிள்ளைகள் சிலர் வேலை பார்க்கிறார்கள், நல்ல ஊதியம். "அவங்களும் பிழைக்கணும், நாங்களும் பிழைக்கணும். கணக்கு இன்னும் சரியா வரலே" என்றார் கணக்கில் வல்ல நண்பர்.

ஏரியில் இன்னொரு பட்டியலும் உண்டு என்று அவர் சொல்லக் கேட்டேன். முகத்துவாரத்தை அடுத்து மீன்படும் நல்ல இடங்களுக்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம் முதலிய சில ஊர்களில் அந்த இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை வேறிடம் போகவேண்டும். வலியவன் எப்போதும் வாரிக்கொள்ள முடியாது. அந்த முறையில் ஒருவன் பெயர் சேரவேண்டுமானால் அவனுக்கு மணமாகியிருக்க வேண்டும். மணம் முடித்தவுடன் அவன் ஒரு தலைக்கட்டு. ஊர்ப் பொறுப்பிலும் அவனுக்குப் பங்கு, நீரிலும் அவனுக்குப் பங்கு. திருமணம் என்பது இரு வீட்டார் விருந்துண்டு கலையும் நிகழ்ச்சியன்று, ஒரு மனிதனை ஊர் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளும் நாள் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்த மறையுரையிலும் சொன்னதில்லை. இந்த ஏற்பாட்டிலும் குறை உண்டு. பாட்டில் இடம்பெறாத ஊர்களும் மக்களும் இந்த ஏரியைச் சுற்றி இருக்கிறார்கள். அதனால் பூசல்களும் நேர்ந்ததுண்டு. இடுப்பளவு நீரில் நின்று, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் ஆண்களும் பெண்களும் எந்தச் சீட்டிலும் பெயர் வராதவர்கள். எந்தப் பட்டியலுக்கும் வெளியே யாரோ சிலர் நிற்கத்தான் செய்கிறார்கள்.

பகல் உணவுக்கு உள்ளே அழைத்தார்கள். மடவைக் குழம்பும் இறால் வறுவலும். பரிமாறும்போது நண்பரின் மனைவி, கடிந்துகொள்ளும் தொனியின்றி, ஏதோ பழங்கதை சொல்வதுபோல், ஒன்றைச் சொன்னார்:

"எங்க கல்யாணத்துக்கு உங்களுக்குன்னு தனியா முப்பத்துநாலு இலை எடுத்து வச்சோம் சாமி."

நான் கையை நிறுத்திவிட்டேன்.

படிப்பை விட்ட நாளில் நண்பர் எல்லாரிடமும் ஒரு நோட்டில் முகவரி எழுதி வாங்கியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தோம். பதினொரு ஆண்டுகள் கழித்து, அந்த நோட்டைப் பார்த்து 41 பேருக்கும் அழைப்பிதழ் அஞ்சல் செய்திருக்கிறார். 7 திரும்பி வந்தன. மீதி 34. பொன்னேரிப் பேருந்து வரும் நேரங்களில் தம் தம்பியை நிறுத்தத்தில் நிற்க வைத்திருந்தாராம், கல்லூரி நண்பர்கள் வழிதெரியாமல் திண்டாடக் கூடாதே என்று. கடைசிப் பந்தியையும் தாமதித்தார்களாம். ஒருவரும் வரவில்லை. ஒருவரும் கடிதம் எழுதவுமில்லை. மாலையில் அந்தச் சோற்றை ஊரார் வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

"அதையெல்லாம் இப்ப எதுக்குச் சொல்றே? அவனவனுக்கு ஆயிரம் வேலை" என்று நண்பர் பேச்சை மாற்ற முயன்றார்.

ஆயிரம் வேலை! குருவாகி இத்தனை ஆண்டுகளில், விருந்துக்கு அழைக்கப்பட்டும் வராதவர்களைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை எத்தனை முறை மேடையில் விளக்கியிருப்பேன்! ஒருவன் நிலம் வாங்கினான். ஒருவன் ஏர்மாடு வாங்கினான். ஒருவன் அப்போதுதான் மணமுடித்தான். அச்சாக்குகளை அற்பமானவை என்று இகழ்ந்து பேசியிருக்கிறேன். அன்று தோணிரேவில், இலைமுன் அமர்ந்திருந்தபோதுதான் அவை என்னவென்று கண்டேன். நிலம், மாடு, மனைவி. அதாவது, சொத்து, தொழில், குடும்பம். நான் மூன்று மாதம் பாடுபட்டுக் கட்டங்களில் நிரப்பியவையே அவை! யாருமே பாவம் செய்யப் போனதால் விருந்தைத் தவறவிடவில்லை. நல்ல காரியங்களுக்காகவே தவறவிட்டார்கள். ஒருவருக்கு அப்போது புது வேலை, ஒருவருக்குக் கைக்குழந்தை, எனக்கு உறுதிபூசுதல் விழா. வாழ்வு வளர்வதுதான் நம்மை நண்பர்களிடமிருந்து பிரிக்கிறது. மணல் ஒரே நாளில் முகத்துவாரத்தை அடைப்பதில்லை. ஒவ்வோர் அலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது.

நான் பையிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அது என் செபநூலில் இருந்த வரலாற்றையும் மறைக்காமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பிறர் பாவ அறிக்கையைக் கேட்டுப் பழகியவனுக்குத் தன் குற்றத்தைச் சொல்வது எளிதன்று. நண்பர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க கிட்டேயே ஒண்ணுகூட இல்லே. சுனாமியிலே போச்சு. நீயாவது பத்திரமா வச்சிருந்தே" என்றார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது அவர்கள் வீட்டுக்குள் நீர் புகுந்து பெட்டியை நனைத்துப் பாழாக்கிவிட்டதாம். முகவரி நோட்டு மட்டும், பரணில் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்ததால், தப்பியது. அதையும் எடுத்துக் காட்டினார். என் கையெழுத்தை நானே அறிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.

பிறகு இருவரும் உட்கார்ந்து காலி வரியை நிரப்பினோம். தொழில்: மீன்பிடித்தல், முப்பது ஆண்டுகளாக ஊர்க்கணக்கும் கோவில் திருவிழாக் கணக்கும் எழுதுதல். திருமணம்: 2000. மக்கள் மூவர். மூத்த மகள் செவிலியர், சென்னையில் பணி. மகன் தொழிற்பயிற்சி முடித்துப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். படகு எந்திரங்கள் அவன் கைபட்டால் ஓடும். இளைய மகள், பொன்னேரியில், நாங்கள் பயின்ற அதே கல்லூரியில் கணிதம் படிக்கிறாள்.

"படிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுத?" என்று தயங்கிக் கேட்டேன்.

"ரெண்டு வருஷம் உங்களோட படிச்சேன்னு எழுது. பாதியிலே நின்னதுன்னு எழுத வேணாம், படிச்சது படிச்சதுதானே" என்றார். அவ்வாறே எழுதினேன்.

விடைபெறும்போது மூத்த மகளுக்கு வரன் முடிவாகியிருப்பதைச் சொன்னார்கள். மாப்பிள்ளை எண்ணூர்க்காரர், துறைமுகத்தில் வேலை. மே மாதம், அதே மகிமை மாதா ஆலயத்தில் திருமணம். "அழைப்பு யாருக்கெல்லாம் அனுப்புவது?" என்று நண்பர் கேட்டபோது அவர் மனைவி அவர் முகத்தைப் பார்த்தார், அவர் முகவரி நோட்டைப் பார்த்தார். நான், "நோட்டு வேண்டாம். புதிய பட்டியல் என்னிடம் இருக்கிறது" என்றேன்.

ஊர் திரும்பியதும் உயிரோடிருக்கும் மற்ற 37 பேருக்கும் கைப்பட எழுதினேன். அழைப்பிதழை இணைத்து, முப்பத்துநான்கு இலைகளின் கதையையும் எழுதினேன். கைப்பேசியில் ஒரு வரியாகத் தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால், இருபத்தைந்து ஆண்டுக் கடனை அவ்வளவு மலிவாகத் தீர்க்க மனம் ஒப்பவில்லை.

2025 மே மாதம் திருமணத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். ஆழ்கடல் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும் காலமாதலால், எண்ணூர் மாப்பிள்ளை வீட்டாரின் உறவுக்கூட்டம் நிறைந்திருந்தது. எங்கள் வகுப்பிலிருந்து என்னோடு சேர்த்து 14 பேர் வந்தோம். ஸ்ரீஹரிக்கோட்டை நண்பர் பேத்தியோடு வந்தார். திருமணக் கட்டத்தில் கோடு மட்டும் இழுத்து அனுப்பிய பெண்மணி தனியே வந்து, கடைசிவரை இருந்து, மணமகளின் தாய்க்கு உதவியாகப் பந்தி பரிமாறினார். குவைத்து நண்பர் வரவில்லை. தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். வராதவர்கள் பலர் காரணம் எழுதினார்கள். நிலம், மாடு, மனைவி என்று இப்போது நான் அவர்களை எள்ளி நகையாடமாட்டேன். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்தான்.

நண்பரின் மனைவி இம்முறையும் 34 இலைகள் தனியே எடுத்து வைத்திருந்தார். 14 இலைகளில் நாங்கள் உண்டோம். மீதியிருந்த 20 இலைகளையும் அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "முன்னைக்கு இப்ப தேவலை சாமி" என்று சிரித்தார். பிறகு அந்தச் சோற்றை, முன்போலவே, ஏரிக்கரை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய நூலின் நடுவே, ஒரு பெட்டியின் அடியில், பதில் எழுதாத அழைப்பிதழ் ஒன்று இருக்கக்கூடும். உடன் படித்தவர், உடன் வேலை செய்தவர், ஒரே தெருவில் விளையாடியவர் ஒருவருடைய பெயருக்கு நேரே நீங்களும் மனத்துக்குள் 'தகவல் இல்லை' என்று எழுதியிருக்கக்கூடும். மெய்யாகவே தகவல் இல்லையா, நாம் கேட்கவில்லையா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். காலம் கடந்துவிட்டதே என்று கூசவேண்டாம். தூர்ந்த முகத்துவாரத்தையும் மனிதர் கூடி மணல் வாரித் திறக்கத்தான் செய்கிறார்கள். திறந்த அன்றே கடல்நீர் உள்ளே வந்துவிடும் என்கிறார் என் தோணிரேவு நண்பர்.